அது சுண்டைக்காய்தானா?

சென்ற கோடையில் நம் சங்கத்துப் பிக்னிக்கில், புளியோதரை தீர்ந்து தயிர் சாதமும் அடிப்பாத்திரம் தெரிய ஆரம்பித்த நேரம். உறுப்பினர் ஒருவர் கையில் ஒரு ஜிப்லாக் பையோடு எங்களைத் தேடி வந்தார். நல்வாழ்வுப் பக்கத்தை எழுதுகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக மூட்டு வலியிலிருந்து முடி கொட்டுவது வரை எல்லாவற்றையும் எங்களிடம் கேட்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. இந்த முறை பையில் இருந்தது ஒரு கொத்துக் காய்.

"எங்க அத்தை ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. வீட்டுக்குப் பின்னாடி ட்ரெயில்ல வாக்கிங் போனப்ப பறிச்சுட்டு வந்தாங்க. சுண்டைக்காய்னு சொல்றாங்க. மோர்ல ஊறப்போடணுமாம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

அத்தையும் பின்னாலேயே வந்துவிட்டார். திண்டுக்கல் பக்கம். "அறுபது வருசமா சுண்டைக்காய் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?" என்றார். நியாயமான கேள்விதான். உருண்டையான பச்சைக் காய், சிறு காம்பு, தலையில் ஐந்து இதழாய் ஒரு தொப்பி. எங்களுக்கும் முதலில் சுண்டைக்காய் என்றே தோன்றியது. நல்ல வேளையாக அந்தக் கொத்தோடு வாடிய பூ ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதன் நிறம் ஊதா.

சுண்டைக்குப் பூ வெள்ளை. ஊதாவில் பூக்காது. அத்தைக்கும் அது தெரியும். ஆனால் பறிக்கும்போது அவர் காயைத்தான் பார்த்தார், பூவைப் பார்க்கவில்லை. நம்மில் பலரும் அப்படித்தான் பார்த்திருப்போம்.

அவர் பறித்தது சொலானம் அம்பெல்லிஃபெரம் என்ற செடி. சான் ஹோசேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் தானாக வளரும் கலிஃபோர்னியாவின் சொந்தப் புதர். இங்குள்ளவர்கள் அதை 'ப்ளூ விட்ச்', அதாவது நீலச் சூனியக்காரி என்கிறார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சுண்டையின் ஒன்றுவிட்ட உறவுதான், ஆனால் சாப்பிடும் காய் அல்ல. (கவுன்டி பூங்காக்களில் செடியோ காயோ பறிப்பதே விதிமீறல் என்பதையும் சொல்லி வைக்கிறோம். அத்தையிடம் இதைச் சொல்லும் தைரியம் எங்களுக்கு வரவில்லை.)

வீட்டுக்குப் போன பிறகும் இந்த விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. சுண்டைக்காய் என்றால் என்ன என்பதை நாமே ஒருமுறை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. அதன் பலன் இந்தக் கட்டுரை.

முதலில் குடும்பம். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம், சொலனேசியே. சமையலறையும் விஷ அலமாரியும் ஒன்றாக இருக்கும் வீடு போன்றது இந்தக் குடும்பம். இதற்குள் சொலானம் என்ற பேரினம் மிகப் பெரியது, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்டது. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்தரி, நம் சுண்டை எல்லாமே சொலானம்தான். அதிலும் முள்ளும் நட்சத்திர ரோமமும் உடைய பெரிய பிரிவில் கத்தரியும் சுண்டையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

சுண்டையின் தாவரவியல் பெயர் சொலானம் டார்வம். இந்தப் பெயரைச் சூட்டியவர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர். 1780களில் கரீபியன் தீவுகளில் சுற்றிச் செடிகளைச் சேகரித்து, 1788ல் வெளியிட்ட நூலில் இதை விவரித்தார். 'டார்வம்' என்றால் லத்தீனில் கடுகடுப்பான, முறைத்துப் பார்க்கிற என்று பொருள். வற்றல் குழம்பின் கசப்பை அவர் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. முள்ளைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே கவனியுங்கள். அவர் இதைக் கண்டது தமிழ்நாட்டில் அல்ல, கரீபியன் தீவுகளில். சுண்டையின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறி உலகம் சுற்றி வந்த மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி வரிசையில்தான் இதுவும். நாம் பச்சைத் தமிழன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சுண்டைக்காய், நமக்கு முன்பே இந்தக் கண்டத்தில் இருந்திருக்கிறது! இதற்கு நேர் எதிராகக் கண்டங்கத்தரி இருக்கிறது. அது நம் நாட்டுப் பக்கத்துச் செடி. ஆனால் லின்னேயஸ் 1753ல் அதற்கு வைத்த பெயர் சொலானம் விர்ஜினியானம். பெயரில் விர்ஜீனியா, வேர் நம் ஊர். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் போலத்தான்.

இனி அடையாளம். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள், இந்த இடம் முக்கியம்.

சுண்டை ஒரு புதர். ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் வரை போகும். தண்டில் ஆங்காங்கே லேசாக வளைந்த, அடி அகன்ற முட்கள் இருக்கும். எல்லாச் செடியிலும் ஒரே அளவு இருக்காது. சில செடிகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். இலை உள்ளங்கை அளவுக்கு அகன்றது, ஓரம் வளைந்து வளைந்து மடல்களாக இருக்கும். இளஞ்செடியில் மடல்கள் ஆழமாகவும் முட்கள் அதிகமாகவும் இருக்கும், வயதாக ஆகக் குறையும். இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் வெல்வெட் போல் இருக்கும். பிள்ளைகளின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தால் அந்த ரோமம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி நட்சத்திரம். இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பூ வெள்ளை, ஐந்து மடல் கொண்ட நட்சத்திரம், இரண்டு சென்டிமீட்டரை ஒட்டிய அகலம். நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் குவிந்து நிற்கும். இந்தப் பைகள் மற்றப் பூக்களைப் போல் நீளவாக்கில் வெடிப்பதில்லை, உச்சியில் சிறு துளை மட்டும் இருக்கும். உப்பு டப்பாவைக் குலுக்குவதுபோல் குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். பம்பிள்பீ என்ற பருத்த வண்டுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து ரீங்காரம் செய்தே குலுக்கி எடுத்துவிடும். நாம் தேனெடுக்க வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே கதைதான். வீட்டுத் தோட்டத்தில் தக்காளி பூத்தும் காய்க்கவில்லை என்று வருந்துபவர்கள், காலையில் செடியை லேசாகத் தட்டிப் பாருங்கள்.

காய் கொத்தாக வரும். ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர், வழுவழுப்பு, ரோமம் இல்லை. பச்சையாக இருக்கும்போதே பறிக்கிறோம். விட்டால் மஞ்சளாகப் பழுக்கும், கறுப்பாகாது. உள்ளே சதை கொஞ்சம், தட்டையான விதைகளே அதிகம்.

இத்தனை அடையாளமும் சேர்ந்து வந்தால்தான் அது சுண்டை. காய் மட்டும் பார்த்தால் போதாது. பூ ஊதாவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ப்ளூ விட்சைத் தவிர, கலிஃபோர்னியாவின் வெயில் காய்ந்த இடங்களில் வெள்ளி பூசினாற்போன்ற நீள இலையும் முள்ளும் உடைய சொலானம் எலெயாக்னிஃபோலியம் என்ற களையும் உண்டு. அதற்கும் ஊதாப் பூ, சுண்டைக்காய் அளவு காய், பழுத்தால் மஞ்சள். காயை மட்டும் உள்ளங்கையில் வைத்தால் எங்களாலேயே சட்டென்று சொல்ல முடியாது. ஆடு மாடுகளுக்கே நச்சு என்று பண்ணைக்காரர்கள் அஞ்சும் செடி அது.

சரி, விதை கொண்டுவந்து நாமே வளர்த்துவிட்டால் குழப்பமே இல்லையே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சொலானம் டார்வம், அமெரிக்க விவசாயத் துறையின் கூட்டாட்சிக் களைப் பட்டியலில் இருக்கிறது. அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பவும் கூடாது. ஃப்ளோரிடாவில் அது ஏற்கெனவே காட்டுச்செடியாகப் பரவியிருக்கிறது. அங்கிருக்கும் மச்சினர் தபாலில் விதை அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துத் தீவில் பிறந்த செடியைக் களை என்பதா என்று எங்களுக்கும் தோன்றியது. ஆனால் காரணம் இருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் போடும், வேரிலிருந்தும் துளிர்க்கும், வெட்ட வெட்ட முள் புதராய் மண்டும். ஹவாயும் ஆஸ்திரேலியாவும் இதோடு மல்லுக்கட்டி வருகின்றன. நம் ஊரில் உண்ணிச்செடி காடுகளை என்ன பாடுபடுத்துகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த விதை விமான நிலையத்தில் பிடிபட்டால் அபராதம் முக்கால் பணத்தோடு நிற்காது. பெற்றோர் வரும்போது உணவுப் பொருள் எது இருந்தாலும் சுங்கப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிடச் சொல்லுங்கள். சொல்லிவிட்ட பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால்தான் தண்டம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதேதான்.

அப்படியென்றால் சுண்டைக்காயே கிடையாதா? உண்டு. தாய்லாந்துக்காரர்கள் 'மக்குவா புவாங்' என்று பச்சைக் கறியில் போடுவது இதே காய்தான். மலேசியாவில் 'தெரோங் பிபிட்', அதாவது சிட்டுக்குருவிக் கத்தரி. தென்கிழக்கு ஆசியக் கடைகளின் உறைபதனப் பெட்டியில் 'பீ எக்ப்ளான்ட்' என்று எழுதிய பாக்கெட்டைத் தேடுங்கள். காய்ந்த வற்றல் நம் இந்தியக் கடைகளிலேயே இருக்கிறது.

இனி, நாங்கள் எழுதத் தயங்கிய பகுதி. உண்மையான சுண்டைக்காயே சில நேரம் தொல்லை தந்திருக்கிறது.

ஜமைக்காவில் இதை 'சசம்பர்' என்பார்கள், கருவாட்டு மீனோடு சமைப்பது வழக்கம். இந்தச் சசம்பர் தின்று விஷமேறியவர்களைப் பற்றி 2008ல் டாக்சிகான் என்ற நச்சியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கண் மங்குதல், நாக்குக் குழறுதல், நடை தள்ளாடுதல் என்று பக்கவாதம் போலவே அறிகுறிகள். கத்தரிக் குடும்பத்துக்கே உரிய கிளைக்கோஆல்கலாய்டு என்ற கசப்பு நச்சு அந்தக் காய்களில் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். முளைவிட்ட பச்சை உருளைக்கிழங்கை அம்மா தூக்கிப் போடச் சொல்வாரே, அதே இன நச்சுதான். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது.

உடனே வற்றல் டப்பாவைக் குப்பையில் கொட்டி விடாதீர்கள்! தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வரும் காய் இது. குழம்புக்கு ஒரு கைப்பிடி போடுகிறோம், தட்டு நிறைய அள்ளித் தின்பதில்லை. நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: வழக்கத்துக்கு மீறிக் கசந்தால் துப்பிவிடுங்கள், 'கசப்பு உடம்புக்கு நல்லது' என்று விழுங்க வேண்டாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் பேச்சுக் குழறினாலோ பார்வை மங்கினாலோ, காயா பக்கவாதமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாமல் 911ஐ அழையுங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு தகவல் பெரிய உதவி. குழந்தை தெரியாத காயைக் கடித்துவிட்டால், தொந்தரவு எதுவும் தெரியாவிட்டாலும், 1-800-222-1222 என்ற விஷ முறிவு உதவி எண்ணை அழைக்கலாம். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். செடியின் ஒரு கிளையை, பூவும் இலையும் காயுமாக, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மணத்தக்காளி பற்றியும் ஒரு வார்த்தை. சான் ஹோசே தோட்டங்களில் தானாக முளைக்கும் கறுப்புப் பழச் செடிகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. நெருங்கிய உறவுகள் பல உண்டு, வேறுபாடுகள் நுணுக்கமானவை. தெரிந்த விதையிலிருந்து நீங்களே வளர்த்ததைத் தவிர வேறெதையும் கீரையாக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சந்தேகம் இருந்தால் சான்டா கிளாரா கவுன்டியின் மாஸ்டர் கார்டனர் தன்னார்வலர்களிடம் படம் அனுப்பிக் கேட்கலாம். கலிஃபோர்னியச் செடிகளுக்கு பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் 'ஜெப்சன் மேனுவல்' என்ற தடித்த புத்தகம் இருக்கிறது. ப்ளூ விட்சை நாங்கள் உறுதி செய்துகொண்டது அதில்தான்.

சுண்டைக்காயின் மருத்துவ குணங்கள் என்று தொலைபேசியில் சுற்றி வரும் பட்டியல்கள் உங்களுக்கும் வந்திருக்கும். பூச்சி நீங்கும், சளி குறையும், வயிறு சரியாகும் என்பது சித்த மருத்துவ வழக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் ஆகியவற்றில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் எலிகளிடம். எலிக்குச் சர்க்கரை இறங்கியது என்பதற்காக நாம் மெட்ஃபார்மினை நிறுத்த முடியாது. அப்படி நிறுத்திவிட்டு வந்த ஒருவரை நாங்கள் அறிவோம். மூன்று மாதத்தில் அவருடைய ஏ1சி ஏறிய ஏற்றத்தைப் பார்த்து டாக்டரே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாராம்.

நம்மவர்களுக்கு உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. வற்றல் எப்படிச் செய்கிறோம்? காயைத் தட்டி, உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி அதே மோரில் போட்டு, மூன்று நான்கு நாள் இதையே செய்கிறோம். கடைசியில் மோர் முழுக்கக் காய்க்குள். மோரில் இருந்த உப்பு? அதுவும் காய்க்குள்தான். அதை எண்ணெயில் பொரித்து, உப்புப் போட்ட குழம்பில் போட்டு, அப்பளத்தோடு சாப்பிடுகிறோம். ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்நாட்டுப் பரிந்துரை. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு, மூன்று வேளைக்கும் சேர்த்து. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் வற்றலை வெந்நீரில் ஒருமுறை அலசிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடுமுன் ருசி பார்க்கவும். உறைந்த காய் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் உப்பு ஏற்றப்படவில்லை. பருப்புக் குழம்பிலோ துவையலிலோ போட்டுப் பாருங்கள்.

திண்டுக்கல் அத்தை பிறகு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பையில் இருந்ததைக் கொட்டிவிட்டு, மருமகளோடு போய் தாய்லாந்து எழுத்து ஓடிய பாக்கெட் இரண்டு வாங்கி வந்தார். இது இந்தப் பக்கத்துக் காய்தான், நம் ஊருக்குப் பிறகுதான் வந்தது என்று நாங்கள் சொன்னபோது சற்று நேரம் யோசித்தார்.

"அப்ப மிளகாய்?"

"அதுவும் இங்கேர்ந்துதான் போச்சுங்க அம்மா."

"தக்காளி?"

"அதுவும்தான்."

"பின்ன எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் எதை வச்சுத்தான் குழம்பு வச்சாக?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிட அழைத்தார். போனோம். குழம்பு பிரமாதம். உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூடுதல்.